சிறு சில்லா, பெருஞ் சில்லா?

மன்னாரிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் வீதி அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்களைத் தொட்டு முள்ளிக்குளத்துப் பக்கம் வந்து சேர்கிறது. அதற்குத் தெற்கே மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. வடகீழ்ப் பருவமழை தொடங்கும் வரை அங்கே வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும். மழை பிடித்துவிட்டாலோ ஆறும் குளமும் தரவையும் ஒன்றாகிவிடும். பிரதான வீதியிலே தார் போட்ட நல்ல பகுதிகள் உண்டு. அதிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கோ, கடற்கரை வாடிக்கோ, வயலுக்கோ போகும் வழிகள் மணலும் செம்மண்ணும் கிறவலுமாக இருக்கின்றன. ஒரே நாட் பயணத்தில் ஒரு வாகனம் இவை யாவற்றையும் சந்திக்க நேர்கிறது. எத்தகைய சில்லோடு அது அவற்றைச் சந்திப்பது நல்லது என்பதே இப்பேச்சின் பொருள்.

இது செல்வர் வீட்டு வேடிக்கைக் கேள்வி அன்று. முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்ரெம்பரில், போர்க்காலத்தில், தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஊரிலே கடற்படை தளம் அமைத்தது. போர் முடிந்த பின்னரும் தம் மனைகளுக்குப் போகவியலாத குடும்பங்கள் பல மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் கட்டி இருந்தன. 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. இப்படி இடம்பெயர்ந்து, மீண்டும் வேரூன்ற முயலும் ஒரு குடும்பத்துக்கு வாகனம் என்பது ஆடம்பரப் பொருளாகாது. இரவிலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால் சிலாவத்துறை ஆஸ்பத்திரிக்கோ, அங்கிருந்து மன்னார்ப் பொது வைத்தியசாலைக்கோ போயாக வேண்டும். பிடித்த மீன் ஐஸ் கரைவதற்குள் சந்தையை அடைந்தாக வேண்டும். இடைவழியில் சில்லு மணலிற் புதைந்து நின்றுவிட்டால் நட்டம் பணத்தோடு மட்டும் நிற்பதில்லை.

இத்தகைய குடும்பத் தலைவர் ஒருவர் பழைய கார் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுக் காலத்திலே பழைய கார்களின் விலை எங்கே ஏறியது என்பதை நேயர்கள் அறிவர். ஆகவே அவர் கையிலுள்ள பணத்துக்கு அகப்படுவது சின்னஞ்சிறு கார் ஒன்று. அதன் சில்லு பன்னிரண்டு அங்குலம். கராச்சுக்குக் கொண்டு போகிறார்.

“பாஸ், எங்கட பக்கத்து மணலுக்கு இந்தச் சில்லு காணுமோ? பெரிசாய் மாத்தலாமோ?” என்று கேட்கிறார்.

“மாத்தலாம் அண்ணன், பதினாலும் போடலாம், பதினைஞ்சும் போடலாம், வடிவாய்த்தான் இருக்கும். ஆனா நீங்கள் வடிவுக்குக் கேக்கிறியளோ, மணலுக்குக் கேக்கிறியளோ?” என்று அவர் திருப்பிக் கேட்கிறார்.

அந்த மறுவினாவிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. “பெரிய சில்லு” என்று பேச்சு வழக்கிலே சொல்லும்போது ஒன்றோடொன்று தொடர்புடைய, ஆனால் வெவ்வேறான மூன்று அளவுகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, றிம் எனப்படும் உலோக வளையத்தின் விட்டம். இரண்டு, ரயரையும் சேர்த்த முழுச் சில்லின் விட்டம். மூன்று, றிம்முக்கும் தரைக்கும் இடையே காற்றைத் தாங்கி நிற்கும் ரயர்ச் சுவரின் உயரம். முதலாவதைக் கூட்டினால் மற்ற இரண்டும் கூடும் என்று நினைப்பது பெருந்தவறு. இதற்குப் பிறகு வருவோம்.

பெருஞ் சில்லின் பெருமை மோட்டார்க் காலத்துக்கு மிக முந்தியது. வடபகுதி மாட்டு வண்டிலின் சில்லு ஏறத்தாழ ஆளின் நெஞ்சளவு உயர்ந்து நிற்கும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மன்னார்க் கடலிலிருந்து எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காலத்திலே மறிச்சுக்கட்டியின் வெறும் மணற் கரையில் ஆயிரக்கணக்கானோர் தங்கும் ஓலைப் பட்டினம் ஒன்று சில வாரங்களுக்குள் எழுந்தது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் அடுத்த ஆண்டு அங்கே அரசாங்க உத்தியோகத்தராகக் கடமை பார்த்தார். அத்தகைய கரையில் பாரத்தோடு புகுந்து மீள வேண்டிய வண்டிலுக்கு உயர்ந்த மரச் சில்லு எத்துணை உதவி என்பதை எந்த வண்டிற்காரரும் அறிவார். கணக்கு அவருக்குத் தெரியாதிருக்கலாம். மாட்டின் கழுத்து அவருக்குத் தெரியும்.

கணக்கும் உண்டு. பிரான்சிலே 1830களின் பிற்பகுதியில் டுபுயி என்னும் பொறியியலாளருக்கும் மொறான் என்னும் படைத்துறை ஆராய்ச்சியாளருக்கும் இது பற்றிப் பெரிய வாதம் நிகழ்ந்தது. வண்டியை இழுக்கத் தேவையான விசை சில்லின் விட்டம் கூடக் கூட அதே விகிதத்திற் குறைகிறது என்றார் மொறான். அவ்வளவு குறைவதில்லை, விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறைகிறது என்றார் டுபுயி. அதாவது சில்லை நான்கு மடங்கு பெரிதாக்கினால் இழுவை நாலில் ஒன்றாகும் என்பது ஒருவர் கட்சி. பாதியாகும் என்பது மற்றவர் கட்சி. எவ்வளவு குறையும் என்பதிலேதான் சண்டை. குறையும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

தடையொன்றைத் தாண்டும் வேளையைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். வழியிலே ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள கல் ஒன்று கிடக்கிறது. சில்லு அதில் முட்டி நிற்கிறது. அச்சிலே கிடையாக இழுத்து அதனை ஏற்ற வேண்டும். சில்லின் மையம் தரையிலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், அச்சில்லின்மேல் உள்ள பாரத்தின் முக்காற் பங்கு விசை வேண்டும். மையம் 35 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் ஐந்தில் மூன்று பங்கு போதும். வண்டிற் சில்லைப் போல 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் பாரத்திற் பன்னிரண்டில் ஐந்து பங்கு, அதாவது பாதிக்கும் குறைவு, போதுமானது. இக்கணக்கு இறுகிய மரச் சில்லுக்கு உரியது. காற்றடைத்த ரயர் கல்லைச் சிறிது விழுங்கிக்கொள்வதால் உண்மையில் வேண்டிய விசை இதனிலும் குறையும். எனினும் வரிசை மாறாது. குழியும் இவ்வாறே. பெரிய சில்லு குழியின் இரு விளிம்பிலும் தங்கிப் பாலம்போற் கடந்துவிடும். சிறிய சில்லு அடிவரை இறங்கி, எதிர் விளிம்பில் மோதி ஏறும்.

பெருஞ் சில்லு இத்துணை நல்லதாயின் மோட்டார்க் காரிலே சில்லு ஏன் வரவரச் சிறுத்தது என்ற கேள்வி எழுகிறது. அதற்குக் காரணம் காற்று. 1845இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த தொம்சன் என்பவர் காற்றடைத்த வளையத்துக்கு உரிமைச் சாசனம் பெற்றார். உலகம் அதைக் கவனியாது விட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ற் நகரிலிருந்த மிருக வைத்தியர் டன்லப் தம் மகனின் மூன்று சில்லு மிதிவண்டிக்காக அதனை மீண்டும் கண்டார். உலகம் அதனைப் பற்றிக்கொண்டது. மரச் சில்லு தன் உயரத்தால் மட்டுமே அதிர்ச்சியைக் குறைக்க முடியும். காற்றுச் சில்லோ உயரம் குறைந்தாலும் மென்மையாற் சமாளித்துக்கொள்ளும். வீதிகளும் படிப்படியாகச் சீர்பட்டன. 1908இல் வெளிவந்த ஃபோர்ட் ‘ரி’ மாதிரிக் காரின் ரயர் முப்பது அங்குல விட்டங் கொண்டது. சேறும் சகதியுமான அமெரிக்க நாட்டுப்புறப் பாதைகளில் அது புகழ் பெற்றதற்கு அவ்வுயரமும் ஒரு காரணம்.

பிறகு 1948 ஒக்ரோபர் மாதம் வந்தது. அந்த ஒரே மாதத்தில் லண்டனிலும் பாரிஸிலும் நடந்த இரு கண்காட்சிகளிலே, ஒன்றுக்கொன்று நேர் எதிரான விடையைச் சொன்ன இரு சிறு கார்கள் உலகத்துக்கு அறிமுகமாயின. லண்டனிலே காட்டப்பட்டது மொறிஸ் மைனர். அதனை ஆக்கிய இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அக்கால வழக்கத்தை மீறிப் பதினான்கு அங்குலச் சில்லைத் தெரிந்தார். சில்லு சிறுத்தால் அதனை மூடும் கூடும் சிறுக்கும். கூடு சிறுத்தால் உள்ளே மனிதருக்கு இடம் பெருகும். பாரமும் குறையும், கார் தாழ்ந்து நின்று வளைவுகளிற் தடுமாறாது ஓடும். பாரிஸிலே காட்டப்பட்டது சித்றோவன் நிறுவனத்தின் ‘இரட்டைக் குதிரை’ எனப்படும் கார். உழுத வயலைக் குறுக்கே கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்பது அதை ஆக்கியோருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவர்கள் 400 மில்லிமீற்றர் விட்டமுள்ள, உயர்ந்து மெலிந்த சில்லைத் தெரிந்தனர். இசிகோனிஸ் எண்ணியது இங்கிலாந்தின் தார் வீதியை. பிரெஞ்சுக்காரர் எண்ணியது கமக்காரனின் வயலை.

மொறிஸ் மைனரை இலங்கையருக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே 1990களில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டும் ஓடிய பழங் கார்களுள் அதுவும் ஒன்று. அதன் பதினான்கு அங்குலம் அந்நாளிற் சிறிதென்று கருதப்பட்டது. இன்று பார்த்தால் நடுத்தரம். இசிகோனிஸ் அதோடு நிற்கவில்லை. 1959இல் அவர் ஆக்கிய மினி காருக்குப் பத்தே அங்குலச் சில்லு. அதற்கென டன்லப் நிறுவனம் தனியாக ரயர் செய்து கொடுத்தது. உட்புற இடத்தைப் பொறுத்தவரை அதிசயமான கார். ஆனால் ஒவ்வொரு குழியும் அதற்கு ஒரு கிணறு. 1984இல் மினியும் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஏறியது.

சிறு சில்லுக்கு இன்னொரு செலவும் உண்டு. முழு விட்டம் 50 சென்ரிமீற்றரான சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 640 தடவை சுழல வேண்டும். 71 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஜீப் சில்லுக்கு ஏறத்தாழ 450 தடவை போதும். ரயரின் ஒரே இடம் தரையைத் தொடும் தடவைகள் கூடுவதால் தேய்வும் சூடும் கூடுகின்றன.

இனிப் பெருஞ் சில்லின் குற்றங்களையும் சொல்ல வேண்டும், அவையும் சிறியன அல்ல. இயந்திரத்தின் வலு சில்லின் அச்சிலே முறுக்கமாக வருகிறது. சில்லு பெருத்தால் அதே முறுக்கம் தரையிலே குறைந்த தள்ளுவிசையாக மாறும். 800 சீசீ இயந்திரம் பூட்டிய காருக்கு இது உறைக்கும்; மணலிலே முதலாம் கியரில் திணறும் வாகனத்துக்கு மிகவும் உறைக்கும். அத்துடன் பாரமான சில்லு வில்லுக்குக் கீழே தொங்கும் பாரம். அது மேலுங் கீழும் துள்ளும்போது வில்லும் அதிர்ச்சி தாங்கியும் அதை அடக்கப் பாடுபடுகின்றன. பிரேக் பிடித்தாலும் பெரிய சில்லு நிற்கச் சுணங்கும். சில்லைப் பெரிதாக்கிய வாகனம் முன்போல் நிற்கும் என்று நம்பி வாகனத்துக்கு முன்னே ஓடும் கழுதைக்குக் கிட்டப் போவது புத்தியன்று. மன்னார்த் தீவிலே கழுதைக்குப் பஞ்சமில்லை அன்றோ?

இனி முன்னே சொன்ன மூன்று அளவுகளுக்கு வருவோம். ரயரின் பக்கத்திலே 175/65 ஆர் 14 என்று பொறித்திருக்கிறது என்று கொள்வோம். 175 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைக் காட்டும் எண். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் சுவர் 114 மில்லிமீற்றர், முழு விட்டம் 583 மில்லிமீற்றர். கொழும்பிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் இதைக் கழற்றிவிட்டு 195/45 ஆர் 16 பூட்டுகிறார். றிம் இரண்டங்குலம் பெருத்துவிட்டது. மினுமினுக்கும் அலோய் வளையம் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிறது. முழு விட்டம் எவ்வளவு? 582 மில்லிமீற்றர். சில்லு ஒரு மயிரிழையும் பெருக்கவில்லை. சுவர் மட்டும் 114 இலிருந்து 88 மில்லிமீற்றராகக் குறைந்துவிட்டது.

இதனாற் பெற்றது என்ன? நல்ல வீதியிலே ஸ்ரியறிங் திருப்பியவுடன் கார் திரும்பும். சுவர் குட்டையாதலால் ரயர் சாய்ந்து கொடுக்காது. பெரிய பிரேக் பூட்ட உள்ளே இடம் கிடைக்கும். வேகமாக ஓடும் பாரமான கார்களுக்கு இவை உண்மையான நன்மைகள். அவற்றைக் கேலி செய்வதற்கில்லை. இழந்தது என்ன? கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையே நின்ற காற்றில் ஓர் அங்குலம். கிறவல் வீதியின் கூரிய குழி விளிம்பில் மோதும்போது அந்த ஓர் அங்குலமே றிம் வளையாமலும் ரயர்ச் சுவர் வெடித்துப் புடைக்காமலும் காப்பது. வளைந்த அலோய் றிம்மைத் தட்டி நிமிர்த்துவதும் எளிதன்று. பழைய உருக்கு றிம்மானால் சுத்தியலோடு எந்தக் கராச்சிலும் ஒருவர் இருப்பார். முள்ளிக்குளத்துப் பாதைக்கு உதவாத பெருமை உண்டானால் அது இந்தப் பதினாறு அங்குலம்தான் என்று துணிந்து கூறலாம்.

அப்படியானால் றிம்மையும் சுவரையும் சேர்த்தே வளர்ப்பது எப்படி? நம் குடும்பத் தலைவரின் சிறு காருக்கு 145/80 ஆர் 12 என்னும் ரயர் இருக்கிறது. மாருதி 800, அல்ரோ முதலிய கார்களை ஒட்டிய அளவு இது. முழு விட்டம் 537 மில்லிமீற்றர். அதே அகலமும் அதே சுவரும் கொண்டு றிம்மை மட்டும் பதின்மூன்று அங்குலமாக்கினால் விட்டம் 562 ஆகும். கூடியது 25 மில்லிமீற்றர். ஆனால் காரின் அடிப்புறம் உயர்வது அதிற் பாதியே, பன்னிரண்டரை மில்லிமீற்றர். இரண்டு தீப்பெட்டித் தடிப்புக் கூட இல்லை. பதிலாக, வேகமானி 60 என்று காட்டும்போது கார் உண்மையில் 63 இல் ஓடிக்கொண்டிருக்கும். முதலாம் கியரின் தள்ளுவிசையில் இருபதில் ஒரு பங்கு போய்விடும். ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பினால் ரயர் உட்கூட்டிலே உராயவும் கூடும். ஒரு படி ஏறுவது பெருங்குற்றமில்லை, பெரும்பயனும் இல்லை. அதற்குமேல் ஏறுவது அச்சையும் கியரையும் தண்டிப்பதாகும்.

மணலுக்கு வருவோம். மணலிலே சில்லு ஏன் புதைகிறது? அதன் அடியில் உள்ள சிறு பரப்பிலே பாரம் முழுவதும் குவிவதால். காற்றடைத்த ரயர் தரையைத் தொடும் பரப்பு அதன் உள்ளிருக்கும் அமுக்கத்தைப் பெரிதும் பொறுத்தது. ஒரு சில்லின்மேல் 440 இறாத்தல் பாரம் என்றும், ரயரிலே சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று என்றும் கொண்டால் தரையைத் தொடுவது ஏறத்தாழ பதினைந்து சதுர அங்குலம். அதே ரயரிலே காற்றைப் பதினைந்து இறாத்தலாகக் குறைத்தால் தொடும் பரப்பு ஏறத்தாழ முப்பது சதுர அங்குலமாகிறது. ரயர்ச் சுவர் தானும் சிறிது பாரம் தாங்குவதால் இவை அண்ணளவான எண்களே. எனினும் ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. றிம்மை மாற்றி எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இதிற் பாதிப் பயன் வாராது.

இந்த உபாயத்தை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்திலே சாதாரண ஃபோர்ட் கார்களை ஓட்டிச் சென்றவர் அவர். ரயரிற் காற்றைக் குறைப்பார். புதைந்தால் சில்லுக்கு முன்னே உருக்குத் தகட்டை விரிப்பார். மணலைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் விஞ்ஞானிகளாற் படிக்கப்படுகிறது. பாலைவனத்துக்கு உதவியது கொண்டச்சிக் குடாவுக்கு உதவாது போகாது. உருக்குத் தகட்டுக்குப் பதிலாகத் தென்னோலை மட்டையும் பழஞ் சாக்கும் இங்கே உண்டு.

காற்றைக் குறைத்து ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில. மெதுவாக ஓட்ட வேண்டும். சடுதியாகத் திருப்பினால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் வீதியில் ஏறியவுடன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் ரயர் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றமுக்கமானியும் சைக்கிள் பம்பை விடச் சற்றே பெரிய பம்பும் காரில் இருக்க வேண்டும். பற்றரியில் இயங்கும் சிறு பம்புகள் இந்நாளில் கிடைக்கின்றன. சுவர் உயர்ந்த ரயரே இந்த வித்தைக்கு இடங்கொடுக்கும். முன்னே சொன்ன பதினாறு அங்குல றிம்மிலே காற்றைக் குறைத்தால் உலோகம் மணலிலே கோடு கிழிக்கும்.

அகலமான ரயர் நல்லதா, ஒடுங்கியது நல்லதா என்று பலர் கேட்பர். அகன்ற ரயர் தன் முன்னே மணலைக் குவித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. உயர்ந்த சில்லின் தொடுபரப்பு நீளவாக்கில் அமைவதால், தான் அமுக்கிய தடத்தின்மேல் தானே ஓடுகிறது. சித்றோவன் கார் உழுத நிலத்தில் ஓடியதும், மாட்டு வண்டிற் சில்லு ஒடுங்கியும் உயர்ந்தும் இருந்ததும் இதனோடு பொருந்தும். ஒடுங்கிய இரும்புப் பட்டம் ஈரச் சேற்றில் அறுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பதும் உண்மையே. மழைக்காலத்து நனைந்த தார் வீதியிலும் அகன்ற ரயர் நீரின்மேல் மிதந்து பிடி விடுதற்கு எளிதில் இடமாகும். ஒடுங்கியது நீரைப் பிளந்து தரையைத் தொடும்.

ஒரு மறுப்பு எழக்கூடும். எட்டங்குலச் சில்லோடு முச்சக்கர வண்டி முசலிப் பிரதேசத்தின் மூலை முடுக்கெல்லாம் ஓடுகிறதே, அது எப்படி? ஓடுவது உண்மை. அதன் பாரம் அத்தனை குறைவு என்பதே விடை. புதைந்தால் ஓட்டுநரும் இரு பிரயாணிகளும் இறங்கித் தூக்கிவிடலாம். நோயாளி ஒருவர் உள்ளே படுத்திருக்கும்போது அந்த வசதி இல்லை. குழிதோறும் அவர் உடம்பு படும் பாட்டை இசிகோனிஸின் கணக்குக் காட்டாது. மறுபுறத்தே உழவு இயந்திரத்தின் பெருஞ் சில்லு எச்சேற்றையும் கடக்கும். ஆனால் மன்னார் வரை அதில் இருந்து போகிறவர் மறுநாள் வேறு வைத்தியரைத் தேட வேண்டியிருக்கும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல். மோதரகம் ஆறு பெருகிய நாளிலே எந்தச் சில்லும் நம்பத்தக்கதன்று. பெரிய ரயருக்குள் அடைந்த காற்று ஓடும் நீரிலே காரைத் தூக்கிவிட முயலும்; சில்லு பெருத்தால் கார் மிதப்பதற்குத் துணைதான் கூடும். தேங்கிய நீரில் அச்சுக்குமேல் ஏறாத அளவைப் பார்த்து மெல்லக் கடக்கலாம். ஓடும் நீரானால் கரையிலே நிற்பதே முறை. சில்லைப் பெரிதாக்கியவருக்கு இதில் அசட்டுத் துணிவு பிறப்பதுண்டு.

ஆகவே கராச்சுக்கு வந்த குடும்பத் தலைவர் செய்யத்தக்கது யாது? கார் இன்னும் வாங்கப்படவில்லையானால், பதின்மூன்று அல்லது பதினான்கு அங்குல றிம்மும், சுவர் உயர்ந்த ரயரும், தரையிலிருந்து நல்ல உயரமும் தொழிற்சாலையிலேயே அமைந்த காராகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் கியரும் பிரேக்கும் அந்தச் சில்லுக்கென்றே செய்யப்பட்டவை. பன்னிரண்டு அங்குலக் காரை வாங்கி முடித்துவிட்டாரானால், றிம் மாற்றும் பணத்தைப் பையிலே வைத்துக்கொண்டு நான்கு நல்ல ரயர்களையும், தளர்ந்த அதிர்ச்சி தாங்கிக்குப் பதிலாகப் புதியதையும், ஒரு பம்பையும் வாங்குவது மேல். அடிப்புறத்து எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே ஒரு காப்புத் தகடு அடித்துக்கொண்டால் பன்னிரண்டரை மில்லிமீற்றரை விட அது அதிகம் காப்பாற்றும்.

எந்த அளவைத் தெரிந்தாலும் ஐந்தாவது சில்லும் அதே அளவாக இருக்க வேண்டும். முன்னே இழுக்கும் காரிலே ஒரு பக்கம் சிறிதும் மறுபக்கம் பெரிதுமாகப் பூட்டினால் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லுகள் ஓயாது உராய்ந்து தேயும். அந்த அளவு ரயர் மன்னார்ப் பட்டினத்துக் கடைகளில் உடனே கிடைக்குமா என்பதையும் வாங்கு முன்னே விசாரித்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டிய ரயர் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது வந்து சேரும் வரை கார் கட்டைமேல் நிற்கும்.